மல்லிகைச் செண்டின் நீல நூல்

இதை எழுதத் துணிந்ததற்காக வாசகப் பெருமக்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் இதுவரை எழுதியவை அலுவலகக் கடிதங்களும் ஓர் இரங்கற் குறிப்பும் மட்டுமே. கதை சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று எண்ணியதில்லை. ஆயினும் ஸ்ஃபாக்ஸ் நகரின் தெனியூர் சாலையில் நடந்த இந்நிகழ்ச்சியைப் பற்றி, அதில் தொடர்புடையவர்கள் இனி ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளப் போவதில்லை என்று தெரிந்தபின், யாரேனும் ஒருவர் எழுதிவைப்பது முறை என்று பட்டது. பிழைகள் இருப்பின் அவை என்னைச் சேர்ந்தவை.

ஸுஹேரின் கைகளுக்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது. "அவன் கை பட்டா செத்த மெஷினும் எழுந்து உக்காரும்" என்று சொல்வார்கள். அவனும் அதை மறுப்பதில்லை. அவனோடு கணினி பழுதுபார்க்கும் கடையை நடத்திவந்த மொங்கி அவனைவிடப் பத்து வயது மூத்தவர்; மரியாதைக்காக அவரை 'ஸி மொங்கி' என்றே அழைப்பான். வேலை பிடித்துவருவதும் பொருள் வாங்கிவருவதும் அவர் பொறுப்பு. திருகுவதும் பொருத்துவதும் இவன் பொறுப்பு. இருவருக்கும் இடையே ஒரு வழக்கம் உண்டு. சர்வர் கணினியின் அமைப்புத் திரைக்குள் நுழைந்தால், மொங்கி ஒவ்வொரு வரியையும் செய்தி வாசிப்பவரைப் போல உரக்கப் படிப்பார். அவர் படித்து முடித்து "ம்" என்று சொன்ன பிறகுதான் ஸுஹேர் விசையை அழுத்துவான். ஒருவர் படிக்க, ஒருவர் அழுத்த. மற்றக் கடைக்காரர்கள் இதைக் கேலி செய்வார்கள். மொங்கி மாற்றிக்கொண்டதில்லை.

அந்த ஜூன் மாதம் வந்த வேலை மதாம் பெஸ்மாவின் நிலையத்திலிருந்து வந்தது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சையின் மூலம் காதுக்குள் கருவி பொருத்தியபின், பேசப் பழக்கும் இடம் அது. கண்ணாடி அறைக்குள் குழந்தையும் மதாமும் மட்டும் இருப்பார்கள். பெற்றோரைக் கண்டால் குழந்தை அவர்கள் உதட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும் என்பதால் அவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. உள்ளே குழந்தை முதன்முதலில் தெளிவாகச் சொல்லும் சொல்லை மதாம் ஒலிப்பதிவு செய்து சர்வரில் வைப்பார். பயிற்சி முடியும் ஆண்டில், ஜூன் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, பெற்றோரை அழைத்து உட்காரவைத்து அந்த முதற்சொல்லைப் போட்டுக் காட்டுவார். அதுவரை யாருக்கும் தரமாட்டார்.

மொங்கியின் மகள் ஷீராஸ் அங்கே படித்துவந்தவள். மூன்று ஆண்டுகளுக்கு முன், வெளியே நாற்காலியில் மொங்கி காத்திருந்தபோது, மதாம் கதவைத் திறந்து, "உங்க பொண்ணு 'பாபா'ன்னு சொன்னா" என்றார். அப்பா என்று பொருள்படும் அந்த ஒரு சொல்லை மொங்கி கேட்டதில்லை. ஷீராஸ் இப்போது வாய் மூடாமல் பேசுகிறாள். ஒரு நாளைக்கு எத்தனையோ முறை பாபா என்று அழைக்கிறாள். இருந்தாலும் அந்த முதல் 'பாபா'வுக்காக மொங்கி மூன்று ஜூன்களைக் கடந்திருந்தார். இந்த ஜூன் அவருடைய முறை.

சனிக்கிழமைக்கு ஒரு வாரம் இருக்கையில் சர்வரின் மதர்போர்டு, எல்லாப் பாகங்களும் அமரும் மூலப்பலகை, கருகிப்போயிற்று.

"டிஸ்க் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு மதாம்," என்று ஸுஹேர் ஆறுதல் சொன்னான். "ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கும், அப்படித்தான் நான் அமைச்சிருக்கேன். பலகையை மட்டும் மாத்திட்டா எல்லாம் பழையபடி வந்துடும்."

"வெளியில தனியா ஒரு நகல் எடுத்து வைக்கணும்னு போன வருஷம் சொன்னியே?"

"அதையும் இதோட முடிச்சுடுவோம், இன்ஷா அல்லாஹ்."

அதே பலகை தலைநகர் தூனிஸில் ஒரு விற்பனையாளரிடம் இருந்தது. மொங்கியே போய், திரும்பும் வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பலர் கூலி பகிரும் பங்கு வண்டியில் நால்வரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து கொண்டுவந்தார்.

மறுநாள் காலை இருவரும் நிலையத்துக்கு நடந்தார்கள். தெனியூர் சாலை முனையில் பூ விற்கும் பெரியவர் அம் பஷீர் தட்டில் மல்லிகைச் செண்டுகளை அடுக்கி நின்றிருந்தார். கோடை வந்துவிட்டால் அந்த ஊர் ஆண்களின் காதோரம் இந்தச் செண்டு ஏறிவிடும். விரியாத மொட்டுகளைப் புல்லீர்க்கில் சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டியது. மற்றவர்கள் சிவப்பு நூலில் கட்டுவார்கள். மீன்வலை பின்னும் குடும்பத்தில் பிறந்த அம் பஷீரோ வலைக்குரிய நீல நூலில் கட்டுவார். ஊரில் வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை.

"ஒண்ணு குடுங்க அம் பஷீர், இந்தப் பையனுக்கு," என்றார் மொங்கி.

"உனக்கு?"

"எனக்கு வேண்டாம். மூக்குல பட்டா தும்மித் தும்மியே செத்துப்போவேன்."

"பையனுக்கு எந்தக் காது?"

"கல்யாணம் ஆகாதவனுக்கு எந்தக் காது? இடது காதுதான். நல்லா வெளியே தெரியுற மாதிரி வைங்க. முப்பத்திரண்டு வயசாச்சு, பொண்ணுங்களுக்குப் பார்வை மங்கிப்போச்சோ என்னவோ."

"எங்க வலை நூல் இது," என்றார் அம் பஷீர். "பெரிய மீனே தப்பினதில்ல."

ஸுஹேர் சிரித்துக்கொண்டே காதைக் காட்டினான்.

நிலையத்தில் வேலை சுத்தமாகத் தொடங்கியது. கருகிய பலகையைக் கழற்றினான். புதியதன் துளைகளையும் பெட்டிக்குள் இருந்த பித்தளைத் தாங்கிகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, கூடுதலாக நின்ற ஒன்றை அகற்றினான். அது பலகையின் அடியில் உரசினால் மின்சாரம் குறுக்கே பாய்ந்துவிடும். மொங்கி டிஸ்க்குகள் இரண்டையும் உருவி மேசைமேல் ஒரு துணியில் வைத்தார். பலகை உயிரோடு இருக்கிறதென்று தெரியும்வரை டிஸ்க்கைப் பக்கத்தில் விடுவதில்லை என்பதும் அவருடைய வழக்கம். பிறகு மதாமிடம் தேநீர் கேட்டு வருவதாகச் சொல்லி உள்ளே போனார்.

ஸுஹேர் பிராசசர் அமரும் சாக்கெட்டின் மேல்மூடியை எடுத்தான். உள்ளே ஆயிரக்கணக்கான பொன்னிறப் பின்கள், காற்றே படாத பார்லி வயல்போல ஒரே சாய்வில் நின்றன. அந்த நேரத்தில் காதில் இருப்பதைக் கழற்றி வைத்திருக்க வேண்டும். தன் கடையில் யாரேனும் அப்படிக் குனிந்திருந்தால் அவனே திட்டியிருப்பான். ஆனால் நல்ல பெயர் உள்ள கை என்ற எண்ணம் தலையில் இருந்தது. குனிந்தான். செண்டு நழுவிச் சாக்கெட்டின் மீது விழுந்தது.

சட்டென்று விரல்களால் பிடித்துத் தூக்கினான். மொட்டுகள் வந்தன, அவிழ்ந்திருந்த நூலின் நுனி பின்களுக்கிடையே மாட்டிக்கொண்டது. இழுத்தான். நூல் அறுந்து கையோடு வந்தது. மூலையில் ஒரு கைப்பிடி வயல் சாய்ந்துவிட்டது.

ஊசிமுனையால் நிமிர்த்த முயன்றான். இரண்டு நிமிர்ந்தன, மூன்றாவது முறிந்தது. வியர்வை இமையில் இறங்கியது. நடைவழியில் மொங்கியின் செருப்புச் சத்தம் கேட்டது. ஸுஹேர் பிராசசரை வைத்து, கம்பியை அழுத்திப் பூட்டிவிட்டான். செண்டைச் சட்டைப்பையில் திணித்தான்.

"பூ எங்கடா?" என்றார் மொங்கி, தேநீர்க் கோப்பைகளோடு.

"வேலைக்கு இடைஞ்சல்னு எடுத்துட்டேன்."

"பார்றா, அறிவு வந்துடுச்சு."

மின்சாரம் கொடுத்ததும் காற்றாடிகள் சீறி எழுந்து, அடங்கி, மறுபடி சீறின. பலகையின் சிறு விளக்கில் ஒரே எண் நின்றது. காரணம் ஸுஹேருக்குத் தெரியும். தெரிந்தும், மொங்கியும் மதாம் பெஸ்மாவும் பார்த்திருக்க, நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். ஒன்றை மட்டும் விட்டுப் பார்த்தான். பிராசசருக்குரிய மின்கம்பியைப் பிடுங்கிச் செருகினான். அமைப்பை அழிக்கும் முனையைத் தொட்டு எடுத்தான். பழுது கண்டுபிடிக்கும் முறை ஒவ்வொன்றையும் பிழையில்லாமல் செய்தான். நோயாளியைத் தானே கொன்றுவிட்டு நாடி பார்க்கும் மருத்துவனுக்கு எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது அவனுக்கு.

"என்னப்பா ஆச்சு?" என்றார் மதாம்.

"பலகை செத்து வந்திருக்கு மதாம்." நாக்கு அத்தோடு நின்றிருக்கலாம். "வழியில எங்கேயோ அடிபட்டிருக்கும்."

மொங்கி கோப்பையைக் கீழே வைத்தார். "வழியிலயா? நான் மடியில வச்சுட்டு வந்தேனே."

"வண்டி குலுங்கினா மடியும் குலுங்கும்தானே, ஸி மொங்கி. அந்தச் சாலை அப்படி."

"நான் காலைக்கூட மாத்தி வைக்கலடா. ரெண்டு காலும் மரத்துப்போச்சு."

"யாரும் உங்களைக் குத்தம் சொல்லல," என்றார் மதாம் பெஸ்மா, குற்றம் சொல்லும் குரலில். சுவரிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். சனிக்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தார் போலும்.

மொங்கி வெற்றுப் பெட்டியை எடுத்து அதன் மூலைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எங்கும் நசுங்கியிருக்கவில்லை. எந்தச் சந்தேகமும் அவர் முகத்தில் தோன்றவில்லை. தன் மடியைத்தான் சந்தேகித்தார். அதை ஸுஹேர் பார்த்தான்.

"நானே நாளைக்குக் காலையில எடுத்துட்டுப் போறேன்," என்றார் அவர். "அந்தக் கடைக்காரன் கால்ல விழுந்தாவது மாத்தி வாங்கிட்டு வரேன். என் பொண்ணு குரல் அதுல இருக்கு."

மறுநாள் விடிந்ததும் மொங்கி தூனிஸுக்குப் புறப்பட்டுப் போனார். அங்கே பூதக்கண்ணாடி இருக்கும், பின்களைப் பார்ப்பார்கள், கேள்வி வரும் என்பது ஸுஹேருக்குத் தெரிந்தே இருந்தது. அவர் திரும்புவதற்குள் சர்வர் ஓடிவிட்டால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டான். மூடப்பட்ட ஒரு நூற்பாலையின் பழைய இயந்திரங்களை விற்பவன் ஒருவனிடம் அதே வகைப் பலகை ஒன்று கிடந்தது. வாங்கிக்கொண்டு நேரே நிலையத்துக்குப் போனான். காதில் பூ வைக்கவில்லை. அம் பஷீர் கூப்பிட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினான்.

இம்முறை நிதானமாகப் பொருத்தினான். பிராசசர் அமர்ந்தது. சூடு கடத்தும் பேஸ்ட்டை மெல்லத் தடவினான். நினைவகத் தகடுகளை உரிய வரிசையில் செருகினான். மின்சாரம் கொடுத்ததும் ஒரே ஓர் ஒலி, பிறகு திரையில் ஒளி. கடிகாரத்தைச் சரிசெய்தான், ஆலைக்காரர்கள் விட்டுப்போன கடவுச்சொல்லை அழித்தான், தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ளும் இணைப்புக்குப் புதிய எண் கொடுத்தான். வெட்கம் சற்றே விலகி, பழைய பெருமை எட்டிப் பார்த்தது. மேசைமேல் துணியில் இருந்த டிஸ்க்குகளை எடுத்து உள்ளே தள்ளினான்.

கைப்பேசி ஒலித்தது. மொங்கி.

எடுக்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டார்கள், அதைக் கேட்கத்தான் அழைக்கிறார் என்று நினைத்தான். இரண்டாம் முறையும் ஒலித்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான். மூன்றாம் முறை அது மேசையில் அதிர்ந்துகொண்டே நகர்ந்து துணியில் முட்டி நின்றது.

திரையில் ஒரு வரி தோன்றியிருந்தது. அந்நிய அமைப்பு ஒன்று காணப்படுகிறது. ஏற்கவா, நீக்கவா என்று கேட்டது. படிக்க வேண்டியவர் பக்கத்தில் இல்லை. அந்நியம் என்ற சொல்லைக் கண்டதும் ஸுஹேருக்கு நூற்பாலைதான் நினைவுக்கு வந்தது. அவர்கள் கடவுச்சொல் கிடந்ததே, அதுபோல இதுவும் அவர்கள் மிச்சம் என்று எண்ணினான். புதிதாக வந்த டிஸ்க்குகளைத்தான் அந்தப் பலகை அந்நியம் என்கிறது என்பது அவனுக்குத் தெரியாத செய்தியன்று; நின்று ஒருமுறை உரக்கப் படித்திருந்தால் காதிலேயே உறைத்திருக்கும். நீக்கு என்று அழுத்தினான். டிஸ்க்குகள் இரண்டும் வெறுமையாகத் தெரிந்தன. அவற்றை மறுபடி இணையாகச் சேர்க்கச் சொன்னான். எல்லாம் அழிந்துபோகும், சம்மதமா என்று பலகை நாகரிகமாகக் கேட்டது. எந்தப் புது இணைப்பின்போதும் கேட்கும் கேள்விதான். சம்மதம் என்றான்.

பச்சைக் கோடு ஒன்று மெல்ல வளரத் தொடங்கியது. அவன் எழுந்துபோய், ஹரிஸா என்னும் மிளகாய் விழுதும் டூனா மீனும் வைத்த ரொட்டியை வாங்கி, முற்றத்து நிழலில் உட்கார்ந்து தின்றான். நன்றாகத்தான் தின்றான். பிற்பாடு அவனால் மறக்க முடியாமல் போனவற்றுள் அதுவும் ஒன்று.

பிற்பகலில் கோடு முழுமையடைந்தது. சர்வர் எழுந்து, இயங்கு தளம் எங்கே என்று கேட்டது. ஸுஹேர் டிஸ்க்குகளைத் தேடினான். இரண்டும் இருந்தன. இரண்டிலும் பூஜ்யங்கள் இருந்தன. அப்போதுதான் திரையின் அந்த முதல் வரி, மொங்கியின் குரலில், நிறுத்தி நிறுத்தி, அவன் தலைக்குள் கேட்டது.

மொங்கி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வண்டிப் புழுதி சட்டையெங்கும் இருந்தது. கையில் பெட்டியில்லை.

"ஃபோன் பார்க்கலயா?"

"வேலையில இருந்தேன்."

"வேற பலகை போட்டிருக்கியா? மதாம் வாசல்ல சொன்னாங்க." அவர் திரையைப் பார்க்க வந்தார். பாதியில் நின்றார். "டிஸ்க்கை ஏன் உள்ளே வச்சிருக்க?"

ஸுஹேர் திரைமுன்னிருந்து விலகி வழிவிட்டான்.

"அதுக்குத்தானேடா கூப்பிட்டேன். எந்தப் பலகை போட்டாலும் பழைய டிஸ்க்கை அந்நியம்னு கேக்குமாம், ஏத்துக்கோன்னுதான் குடுக்கணுமாம், மறந்தும் நீக்கக் கூடாதாம். கடைக்காரன் ரெண்டு தடவை சொன்னான். நீ அவசரக்காரன்னு எனக்குத் தெரியும். அதான் மூணு தடவை கூப்பிட்டேன்."

"பலகை விஷயமா கூப்பிடுறீங்கன்னு நெனச்சேன்."

"பலகை விஷயமா என்ன கூப்பிட இருக்கு?"

கேட்டுவிட்டு மொங்கி மேசையருகே வந்தார். பிறகு சட்டைப்பையில் இரண்டு விரலை விட்டு எதையோ எடுத்து, டிஸ்க் இருந்த அதே துணியின் மேல் வைத்தார். அரை அங்குல நீல நூல்.

"பின்னுக்கு நடுவுல இருந்துச்சாம். கடைக்காரன் இடுக்கியால எடுத்துக் குடுத்தான். ‘பூ வச்சுட்டு எவனோ குனிஞ்சிருக்கான்’னு சிரிச்சான். நானும் சிரிச்சேன். என்ன செய்ய."

தூனிஸிலும் மல்லிகை விற்கிறார்கள், அந்தக் கடையிலேயே எவனாவது வைத்திருப்பான் என்றொரு விடை ஸுஹேரின் நாக்கு நுனிவரை வந்தது. நீல நூலைப் பார்த்ததும் அது திரும்பிப் போயிற்று.

"ரெண்டு காலும் மரத்துப்போச்சுடா," என்றார் மொங்கி. கோபமாகச் சொல்லவில்லை. "பலகையைக் கெடுத்துட்டேன்னு ராத்திரி பூரா நானும் என் பொண்டாட்டியும் என் மடியைப் பத்தியே பேசிக்கிட்டிருந்தோம்." வாசல்வரை போய்த் திரும்பினார். "எல்லாம் போச்சா?"

"போச்சு."

அந்த டிஸ்க்குகளை, அழிந்த பதிவுகளை மீட்டுத் தருவோரிடம் அனுப்பினார்கள். மீட்க ஒன்றுமில்லை என்று அவர்கள் திருப்பி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை வந்தது. பெற்றோர் பலகாரத் தட்டுகளோடு வந்தார்கள். ஒலிபெருக்கி மேசைமேல் இருந்தது. யாரும் அதை அகற்ற நினைக்கவில்லை. மதாம் பெஸ்மா எழுந்து, இயந்திரம் பழுதாகிவிட்டது, பதிவுகள் போய்விட்டன என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு தாய் அழுதாள். பின்வரிசையில் ஒருவர், "பலகையைக் கொண்டு வரும்போது அடிபட்டுதாமே," என்றார். "யாரு கொண்டு வந்தது?"

"யாரோ நாட்டுப்புறத்தான் கழுதையில வச்சுக் கொண்டு வந்திருப்பான்," என்றார் மற்றொருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மொங்கி மகளை மடியில் வைத்துக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருந்தார். தலை நிமிரவில்லை, வாய் திறக்கவும் இல்லை. திறக்கமாட்டார் என்பது கதவோரம் நின்ற ஸுஹேருக்குப் புரிந்தது. மதாம் பெஸ்மா மொங்கியைப் பார்க்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"அடிபடல," என்றான் ஸுஹேர். சிரிப்பில் அது அமுங்கிப்போயிற்று. மறுபடி சொன்னான். "வழியில அடிபடல. ஸி மொங்கி பத்திரமாத்தான் கொண்டு வந்தார். பின்னை வளைச்சது நான். பொய் சொன்னதும் நான். டிஸ்க்கை அழிச்சதும் நான்தான்."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். மதாம் பெஸ்மா தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசைக் குழந்தை ஒன்று, எல்லாரும் ஏன் பேசாமலிருக்கிறார்கள் என்று காதுக் கருவியைத் தட்டிப் பார்த்தது.

ஷீராஸுக்குச் சலித்துவிட்டது. தந்தையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பாபா, போலாமா? பாபா."

மொங்கி அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். ஸுஹேரைக் கடக்கையில் நிற்கவில்லை.

போனவை இவை. அந்த ஆண்டு பயிற்சி முடித்த பதினொரு குழந்தைகளின் முதற்சொற்கள். பயிற்சியிலிருந்த ஏனைய குழந்தைகளின் பதிவுகள், முழுவதும். ஒரு மதர்போர்டு. மதாம் பெஸ்மாவின் ஜூன் மாதச் சனிக்கிழமை; அதன்பின் அவர் அதை நடத்தவில்லை. தெனியூர் சாலைக் கடை. ஒருவர் படிக்க ஒருவர் அழுத்தும் வழக்கம். ஸுஹேரின் கைகளுக்கு இருந்த பெயர். மொங்கி கேட்டிராத ஒரு 'பாபா'.